இழுத்தால் நீளும் கம்பி

அம்மாசை தன்னுடைய வேனுக்குள் அந்தக் கம்பியை மாட்டிய வாரத்தில்தான் திருச்செங்கோட்டில் மனுசர்கள் தரையை விட்டு எழும்ப ஆரம்பித்தார்கள். ஒரு சாண் உயரம்தான், அதற்கு மேலே ஒரு விரற்கடைகூட இல்லை, ஆனாலும் எழும்பினார்கள்.

கம்பி என்று சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை, சேலத்தில் கார் சாமான் விற்கிற கடையில் வாங்கியது, வேனின் பின்பக்கம் ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியில் ஒரு முனையை மாட்டிவிட்டு இழுத்தால் குழாய்க்குள்ளிருந்து குழாயாக வந்து எதிர்க் கைப்பிடி வரைக்கும் நீளும், வேலை முடிந்ததும் தள்ளினால் முழங்கை அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். அம்மாசை இஸ்திரிக் கடை வைத்திருந்தார். ஈரோடு ரோட்டில் புதிதாக வந்த பெரிய வீட்டுக்காரர்கள், மடித்துக் கொடுத்தால் மடிப்பு விழுகிறது, ஹேங்கரில் மாட்டியே கொண்டு வாருங்கள் என்று சொன்னதால் வாங்கிப் போட்டார். அவ்வளவுதான் அதன் கதை. அது ஏன் அப்படிச் செய்தது என்று யாருக்கும் தெரியாது, போகப் போக யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் எழும்பியவர் சொசைட்டி செயலாளர் நல்லசிவம். காலையில் டீக்கடை முன்னால் கிளாசும் கையுமாக நின்றவர், பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்துத் தூக்கின மாதிரி தோள் இரண்டும் காதைத் தொட, அப்படியே மேலே போய் நின்றார். டீ சிந்தவில்லை. செருப்பு மட்டும் கீழேயே கிடந்தது, ஆள் இன்னும் அதில்தான் நிற்கிறார் என்பதுபோல ஜோடியாக. டீக்கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பெஞ்சை அரையடி தள்ளிப் போட்டார், அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். செயலாளரோடு உர மூட்டை வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார், கழுத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு.

எதிரே லைன் வீட்டு வாசலில் இடுப்பில் குழந்தையோடு நின்ற தவமணி மட்டும்தான் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். அந்தச் செருப்பிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது, எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. தவிரவும் அவள் பேசுகிறவள் இல்லை. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து, அதனால் அவளுக்கு வாயில்லாத அம்மிணி என்றே பேராகிவிட்டது. புருசன் அர்த்தநாரி போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். அந்த ஊரில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான், வண்டியோடு வடக்கே போனால் சத்தீஸ்கர், ஒடிசா என்று மாதக் கணக்கில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள், ஃபோனில்தான் குடும்பம் நடக்கும்.

செயலாளர் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார். காற்றில் நடக்க முடியாததால் மணிக்கட்டில் துண்டைக் கட்டி இழுத்துப் போனார்கள், நாற்காலியில் உட்கார வைத்தால் நாற்காலிக்கும் ஒரு சாண் மேலே நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல சட்டை வேண்டுமே என்று அவர் மனைவி அவரையும் இழுத்துக்கொண்டு அம்மாசை வேனுக்கு வந்தாள், அம்மாசை கம்பியிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்ததும் மனுசன் தொப்பென்று மனைவி காலிலேயே இறங்கினார். திரும்ப மாட்டினார்கள், எழும்பினார். எடுத்தார்கள், இறங்கினார். மடித்து வைத்தால் ஒன்றுமில்லை, வீட்டுக் கொடியில் காய்ந்தால் ஒன்றுமில்லை, அந்தக் கம்பியில் மாட்டினால்தான், அதுவும் உடுத்தின ஆள் எங்கே இருந்தாலும். அம்மாசை தன் சட்டையை மாட்டிப் பார்த்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டே, அப்போ இனிமேல் மாட்டறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுடறேன் என்று சொன்னார், ஊரும் அது நியாயம்தான் என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து வேன் ஹாரன் கேட்டால் ஏணியில் நிற்கிறவர்கள் இறங்கினார்கள், கொதிக்கிற குழம்பைக் கையில் வைத்திருந்தவர்கள் கீழே வைத்தார்கள், பைக்கில் போகிறவர்கள் ஓரங்கட்டினார்கள். முட்டி தேய்ந்த பெரியவர்கள் காலையிலேயே சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் மாட்டி வையப்பா, காலுக்குக் கொஞ்சம் ஓய்வு என்று கேட்டார்கள். குடிக்கிற புருசனைக் கட்டினவர்கள் சாராயக் கடை திறக்கிற நேரத்துக்குச் சட்டையோடு வந்தார்கள், ஆள் எழும்பிக் கிடந்தால் ரோட்டைத் தாண்ட முடியாதே. பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணின் சேலை ஒன்றை வேனுக்குள் மாட்டிவிட்டு, கட்டியிருக்கிற சேலையைத் தரை தொடத் தழைய விட்டு, பெண் நல்ல உயரம் என்று சொல்லிக்கொண்டதும் நடந்தது. மலைக் கோயிலுக்கு எழும்பியபடியே இழுத்துப்போகச் சொன்ன ஒருத்தரை மட்டும் படியில் நிறுத்தி, வேண்டுதல் என்றால் பாதம் கல்லில் படவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மற்றபடி யாரும் எதற்கும் தடை சொல்லவில்லை.

தவமணி மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே அதிர்ந்தாள். ஹாரன் கேட்டால் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். டீக்கடைக்காரர் மனைவி நல்லம்மாள் சிரிப்பாள், இன்னுமா உனக்குப் பழகலை அம்மிணி, எங்களுக்கெல்லாம் ஒரு வாரத்துல பழகிப்போச்சு என்பாள். பழகவில்லை. எப்படிப் பழகுகிறது என்பதே தவமணிக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ருக்குமணி வந்தாள். ருக்குமணி புருசனும் ரிக் வண்டிக்காரர்தான், முதலில் அர்த்தநாரியோடு ஒரே வண்டியில் இருந்தவர். நாக்கு நீளமானவள், மனசு சுத்தம். வீட்டில் கிடந்த புருசன் சட்டையை இஸ்திரிக்குக் கொண்டுவந்தவள், விளையாட்டுக்கு அவளே கம்பியில் மாட்டப் போனாள், மாட்டுகிறபோது ஹேங்கர் அவள் தோள்பட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி கீழே இழுத்தது. சட்டைக்குள் ஒன்றுமில்லை, காற்றுதான், ஆனால் கனம் முழு ஆளுடைய கனம், அம்மாசை மாட்டுகிறபோது யாருடைய சட்டையும் இப்படி இழுத்ததில்லை. ருக்குமணி ஹேங்கரை இரண்டு கையாலும் தாங்கினாள். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டது.

"இது என்ற ஊட்டுக்காரரு கனந்தானுங்க்கா," என்றாள் நல்லம்மாளிடம். "ஆனா இளைச்சுட்டாரு."

சாயங்காலமே அவள் புருசன் ராய்ப்பூர் பக்கத்திலிருந்து ஃபோனில் கத்தினார், எவடி என்னைத் தூக்கினது, வண்டி மேலே நின்றவனைத் துண்டால் கட்டிப் பிடித்தார்கள் என்று. இவள் பதிலுக்கு, வேளைக்குத் தின்னாத மனுசனுக்குப் பேச்சு வேறயா என்று கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை தெருவிலிருந்த ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டிகள் எல்லோரும் ஆளுக்கொரு சட்டையோடு வந்துவிட்டார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமை வாசல் தெளித்து, தலைக்கு ஊற்றி, ஈரத் தலையோடு வேன் முன்னால் நின்று ஒவ்வொருத்தியும் தன் புருசனை மாட்டிக் கனம் பார்த்தாள். கனம் கூடியிருந்தால் பக்கத்திலிருந்தவள் கிண்டல் செய்தாள், குறைந்திருந்தால் ஆறுதல் சொன்னாள். சட்டைகள் சேரச் சேர வேன் அழுந்தி டயர் பிதுங்கியது, அம்மாசை அடியில் கல்லை முட்டுக்கொடுத்தார். அங்கே வடக்கிலும் அந்த நேரத்துக்கு மிசினை நிறுத்திவிட்டு ஆம்பளைகள் ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டார்களாம், ஊட்டுல தூக்கற நேரம் என்று சொல்லிக்கொண்டு.

நாச்சாயி என்று ஒரு பொம்பளை, புருசன் செத்து வருசம் சில ஆனவள், அவளும் ஒரு நாள் பழைய சட்டையைக் கொண்டுவந்து எல்லோரும் முடித்த பிறகு மாட்டினாள். சட்டை காய்ந்த இலை மாதிரி தொங்கியது. வேன் அசையவில்லை. கொஞ்ச நேரம் தொங்க விட்டுவிட்டுக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள்.

தவமணி கதவிடுக்கு வழியாக அந்த இலைச் சட்டையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் உலையே வைக்கவில்லை.

ஏனென்றால் அர்த்தநாரியிடமிருந்து ஃபோன் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவள் மாசமாக இருக்கும்போது போனவர். முதலில் தினமும் பேசினார், பிறகு எப்போதாவது, ஆடி முடிந்ததிலிருந்து அதுவும் இல்லை. ருக்குமணி புருசனைக் கேட்டால், அவன் வேற வண்டிக்கு மாறிப் போய்ட்டான், ஒடிசா பக்கம்னு கேள்வி என்றார். நம்பரைப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலும் அதே குரல்தான் சொன்னது. ஆண் குழந்தை பிறந்ததைச் சொல்ல ஆளில்லை. அப்பன் வந்து பேர் வைக்கட்டும் என்று பிள்ளைக்குப் பேரும் வைக்கவில்லை, சாமி என்றே கூப்பிட்டாள். இதற்கிடையில் ஒடிசாவில் ஒரு வண்டியில் பைப் சரிந்து ஆள் போய்விட்டதாக ஒருத்தர் சொன்னார், அது நம்ம ஊர் வண்டி இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டையும் அவள் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டாள்.

சட்டை ஒன்றை மாட்டினால் தெரிந்துவிடும். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், முகத்துக்கு நேராகச் சொல்லாமல். ஆனால் அவளிடம் சட்டை இல்லை. இருக்கிறதையெல்லாம் பையில் அடைத்துக்கொண்டு போனவர் விட்டுப்போனது ஒரே ஒரு கட்டம் போட்ட சட்டை, கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால் மறந்து விட்டது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, அப்பன் உடுத்திப் பழசான துணியைத்தான் முதலில் போடவேண்டும், அப்போதுதான் பிள்ளை நிலைக்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்காக அவளே அதை வெட்டி, இரண்டு பக்கமும் நாடா வைத்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்துவிட்டாள். பாக்கெட்டை மட்டும் பிரிக்க மனசு வராமல் அப்படியே விட்டாள், அது பிள்ளையின் வயிறு முழுவதையும் மூடிக்கொண்டு கிடக்கும்.

அந்தத் துணி இப்போது யாருடையது என்பதில் தெருவே இரண்டாகிவிட்டது. கடைசியாக உடுத்தினவன் எவனோ அவன்தான் எழும்புவான், பிள்ளையைத்தான் தூக்கும், பெரியவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்றாள் நல்லம்மாள். வியர்வை யாருடையதோ அவனுடையது, பிள்ளைக்கு ஏது வியர்வை என்றாள் ருக்குமணி. தவமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வேறு பயம். பிள்ளையின் கனம் மட்டும் தெரிந்தால், அது பிள்ளையின் துணி என்பதால் அப்படியா, இல்லை அவர் இல்லை என்பதால் அப்படியா, அதை யாரிடம் கேட்பது? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தள்ளிப்போட்டாள்.

தள்ள முடியாதபடி ஒன்று வந்தது. கம்பி மாட்டியிருந்த கைப்பிடி ஒன்றில் விரிசல் விட்டது. எத்தனை குடும்பத்தைத் தாங்கும் அது பாவம், வருகிற வாரம் கழற்றிவிடுகிறேன், இனிமேல் பழையபடி மடிச்சே கொடுக்கறது என்று அம்மாசை தெருவில் சொல்லிவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை தவமணி தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிள்ளைக்கு வேறு துணி போட்டு, அந்தச் சின்னச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வழி விட்டார்கள். பிள்ளைக்கு அளவான ஹேங்கர் இல்லாததால் அம்மாசை ஒரு கம்பி ஹேங்கரை வளைத்துக் குறுக்கிக் கொடுத்தார், ஹாரனும் அடித்தார். பிள்ளையை ருக்குமணி வாங்கிக்கொண்டாள்.

தவமணி ஹேங்கரைக் கம்பியில் போட்டாள், கையை எடுக்கவில்லை. ருக்குமணி கையிலிருந்து பிள்ளை மெதுவாக ஒரு சாண் எழும்பிக் குப்புறக் கிடந்து, கீழே இருந்த எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஹேங்கரில் பிள்ளையின் கனம் வந்தது. இடுப்பில் வைத்து வைத்து அவளுக்குத் தெரிந்த கனம், அவ்வளவே. நாச்சாயி மட்டும் ஓர் அடி முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

தவமணி கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தாள்.

வேன் க்ரீச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பி வில்லாக வளைந்தது. விரிசல் விட்ட கைப்பிடி முனகியது, அம்மாசை ஓடிவந்து அதைத் தாங்கிப் பிடித்தார். தவமணி கண்ணைத் திறந்து, நம்பாமல், திரும்பவும் ஹேங்கரைக் கையால் தாங்கிப் பார்த்தாள். அந்தக் கனமும் அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். ருக்குமணி வேன் சாய்ந்திருந்ததை மேலும் கீழும் பார்த்து, இளைக்கலை அம்மிணி, நல்லாத் தின்னு முன்னைக்குக் கூட ஒரு சுத்து பெருத்துத்தான் இருக்காரு என்று சொல்லிச் சிரித்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. ஆள் இருக்கிறார். சுகமாக, சோறு தின்றுகொண்டு, ஒரு நோய் நொடி இல்லாமல் இருக்கிறார். இருந்துகொண்டுதான் பேசவில்லை.

மனுசர்கள் எழும்பின நாளிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தவள் தவமணி. ஆனால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிந்தது. செத்துப்போயிருப்பாரோ என்று பயந்தாள், கையில்லாமல் காலில்லாமல் கிடக்கிறாரோ என்று பயந்தாள், ஜெயிலில் இருக்கிறாரோ என்றுகூட நினைத்தாள். இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

பிள்ளை மேலே கிடக்குதே, கழட்டிரலாம் என்று நல்லம்மாள் ஹேங்கருக்குக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டுமுங்க்கா," என்றாள் தவமணி.

வெளியே கேட்கிற மாதிரி அவள் பேசி அந்தத் தெரு அன்றைக்குத்தான் கேட்டது. நல்லம்மாள் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சட்டையை யாரும் தொடவில்லை. அம்மாசை கைப்பிடிக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, வேனை எடுக்க முடியாததால் துணிகளை மடித்து மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். தவமணி ஒரு துண்டால் பிள்ளையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தண்ணி பிடித்தாள், சோறாக்கினாள், வாசல் கூட்டினாள், பிள்ளை அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் மிதந்தபடி கூடவே வந்தது. பசித்தால் அவள் நின்றபடியே பால் கொடுத்தாள். உறக்கம் வந்தால் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டாள், தொட்டிலுக்கு மேலே உறங்கியது. வந்தவர்கள் போனவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எவ்வளவு நேரம் ஒரு ஆம்பளையைத் தொங்க விடுவாய், பாவமில்லையா என்று டீக்கடைக்காரர்கூடச் சொல்லிப் பார்த்தார். இது நாள் வரைக்கும் எதற்கும் பதறாத ஊர், இதற்குப் பதறியது. தவமணி கதவுக்குப் பின்னால் போகவில்லை, வாசலிலேயே நின்று வேலையைப் பார்த்தாள்.

அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அர்த்தநாரிதான். அவர் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார், எவன் சட்டையை மாட்டி வைத்திருக்கிறான், இங்கே வண்டி ஏணியில் ஆட்டுக்குட்டி மாதிரி என்னைக் கட்டி வைத்திருக்கிறார்கள், படுக்க முடியவில்லை, இந்த ஊர் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, மானம் போகிறது என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க பேசலை?"

அந்தப் பக்கம் மிசின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஃபோன் தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்தார், வேலை அதிகம் என்றார், இரண்டும் அவருக்கே பிடிக்காமல் பாதியில் விட்டார்.

"என்னன்னு சொல்றது புள்ள. ஒண்ணுமில்ல. நாளைக்குப் பேசலாம் நாளைக்குப் பேசலாம்னு சும்மா அப்படியே போயிருச்சு."

வேறு காரணம் ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தச் சட்டைய மாட்டுனே? என்ற சட்டைதான் அங்க ஒண்ணுமில்லையே," என்றார் அவர்.

"கட்டம் போட்டது இருந்துச்சுங்க. அத வெட்டித் தம்பிக்குத் தச்சுட்டேன்."

மிசின் சத்தமும் நின்றுபோனது, யாரோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டின மாதிரி.

"தம்பியா?" என்றார். குரல் வேறாக இருந்தது. "பையனா?"

"ஆமாங்க. உங்களோட சேந்து அவனும் மேலதான் இருக்கறான். அவன் அழுகலைங்க."

பிறகு அர்த்தநாரி மெதுவாக, எறக்கு தவமணி, பையனையாவது எறக்கு என்றார். அவள் வேன் பக்கம் பார்த்தாள். சாய்ந்து நின்ற வேன், வளைந்த கம்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாக்கெட்.

"ஊட்டுக்கு வாங்க," என்றாள். "வந்து நீங்களே எறக்குங்க. ரெண்டு பேத்தையும்."

ஃபோனை அவளே வைத்தாள். வைத்த பிறகு தான்தான் பேசினோம் என்று நம்ப முடியவில்லை, வந்தால் என்ன கேட்பது, உள்ளே விடுவதா வேண்டாமா, ஒன்றும் தெரியவில்லை. வேன் படியில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்துப் பிள்ளையை மடிக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டாள், மடிக்கு ஒரு சாண் மேலே அது நின்றது.

பொழுது இறங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். காற்று இல்லை, டீக்கடை ஓலைகூட அசையவில்லை, வேன் கல் முட்டுக்கொடுத்து ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குள்ளே கம்பியில் அந்தச் சின்னச் சட்டை முதலில் ஒரு பக்கம் ஆடியது, பிறகு இன்னொரு பக்கம், பிறகு மேடுபள்ளமான ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில் யாரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுக் குலுங்க ஆரம்பித்தது.